உள்ளே ஒரு சாப்பாட்டு ராமன்

போன வாரம் எதிர் ஃபிளாட் நண்பர் ஒரு கவரோடு வந்தார். உள்ளே லேப் ரிப்போர்ட்.

"நீங்க பி.காம்.தானே... கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்!"

பி.காம். படித்தவனிடம் இன்கம்டாக்ஸ் நோட்டீஸைக் காட்டுவார்கள். எல்.ஐ.சி. பத்திரத்தைக் காட்டுவார்கள். ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டை நீட்டிய முதல் ஆசாமி இவர்தான். எண்கள் இருக்கிற எல்லாமே காமர்ஸ் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

நண்பர் ஒல்லி. சாதாரண ஒல்லி இல்லை, பஸ்ஸில் மூன்று பேர் ஸீட்டில் நாலாவதாக உட்கார்ந்தால் யாரும் முறைக்க மாட்டார்கள். ஆனால் சட்டையை இன் பண்ணினால் ரகசியம் வெளிப்பட்டுவிடும். பெல்ட்டுக்கு மேலே ஒரு செம்பைக் கவிழ்த்த மாதிரி குட்டித் தொப்பை.

ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 192. பக்கத்திலேயே '200-க்குள் இருக்கலாம்' என்று அச்சடித்திருந்தது. "நான் பாஸ்தானே சார்?" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்பாவுக்கு அப்போ 44 வயசு. ஆபீஸ் படி ஏறும்போதே போயிட்டார். ஹார்ட் அட்டாக். அவரும் என்னை மாதிரி ஒல்லிதான் சார். எனக்கு அடுத்த மாசம் 39" என்றார்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

நான் மற்ற வரிகளைப் பார்த்தேன். ஹெச்.டி.எல். 34. ட்ரைகிளிசரைட் 210. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. மூன்றுக்கும் பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம். முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றேன். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. பாலன்ஸ் ஷீட்டில் மொத்தம் டாலி ஆவதைப் பார்த்து, 'கம்பெனி லாபத்தில் ஓடுகிறது' என்று எழுதுகிறவனை முதல் வருஷமே ஃபெயில் பண்ணுவார்கள். இங்கே பரீட்சை எழுதுவது உடம்பு.

ஒரு வாரம் இதையே படித்தேன். அதில் தெரிந்துகொண்ட சமாசாரம் இதுதான்: ரத்தத்தில் அளக்கிற கொலஸ்ட்ரால், ரோட்டில் போகிற லாரியை எண்ணுகிற வேலை. விவகாரம் ரோட்டில் இல்லை. குடோனில்!

* * *

குடோனுக்குள் போவதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருக்கும் ஆசாமியை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரத்தில் மெட்ச்னிகாஃப் என்கிற ரஷ்ய விஞ்ஞானி தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். அங்கே வித்தை செய்யும் குரங்குகள் வந்திருந்தனவாம். இவர் மட்டும் தனியாக மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்து, கண்ணாடி போல் உடம்பு தெரிகிற நட்சத்திர மீன் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு யோசனை. தோட்டத்திலிருந்து சில முட்களை எடுத்துவந்து குஞ்சுகளின் உடம்பில் குத்தி வைத்தார். ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் பார்த்தால், முட்களைச் சுற்றிக் குட்டிக் குட்டி செல்கள் கும்பலாக நின்று அவற்றை விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்தன. 1908-ல் நோபல் பரிசு.

நம் உடம்பிலும் இந்த ஆசாமிகள் உண்டு. 'மேக்ரோஃபேஜ்' என்று பெயர். கிரேக்க மொழியில் 'பெரிய தின்னி' என்று அர்த்தம். நாம் 'சாப்பாட்டு ராமன்' என்று வைத்துக்கொள்ளலாம், பொருத்தமாக இருக்கும். கிருமி வந்தால் விழுங்குவான். செத்த செல் கிடந்தால் விழுங்குவான். போலீஸும் அவனே, முனிசிபாலிட்டி குப்பை வண்டியும் அவனே. விழுங்கியதை உடைத்து, பிரித்து, முடிந்த வரைக்கும் ஜீரணம் பண்ணிவிடுவான்.

ஒரே ஒரு பொருளைத் தவிர.

கொலஸ்ட்ரால், நாலு வளையங்கள் ஒன்றோடொன்று கோத்த ஒரு சாமான். சர்க்கரையை எரிக்கலாம், கொழுப்பை எரிக்கலாம், புரோட்டீனைக்கூட எரிக்கலாம். இந்த நாலு வளையத்தை உடைத்து எரிக்க நம் உடம்பில் எந்த செல்லுக்கும் வழி தெரியாது. கல்லீரல் மட்டும் அதைப் பித்தநீரில் சேர்த்துக் குடல் வழியாகத் தள்ளிவிடும். மற்றவர்கள் செய்யக்கூடியதெல்லாம், பார்சல் கட்டிக் கல்லீரலுக்கு அனுப்புவதுதான்.

கொலஸ்ட்ரால் என்றவுடனே வில்லன் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு செல்லின் மேல்சவ்வுக்கும் அது வேண்டும். ஆண்மை ஹார்மோனே அதிலிருந்துதான் தயாராகிறது. (இதைச் சொன்னதும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.) உள்ளே வருவதும் வெளியே போவதும் சரியாக இருக்கும் வரை தொல்லையில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதினவர்களுக்குத் தெரியும். இன்வர்ட் பக்கம் எழுதிக்கொண்டே போய், அவுட்வர்ட் பக்கம் வெள்ளையாக இருந்தால், ஆடிட்டர் வருவதற்கு முன்னாலேயே குடோன் கதவு பிதுங்கிவிடும்.

சாதாரண செல்கள் இதில் புத்திசாலிகள். அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்று இரண்டு டாக்டர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். கொலஸ்ட்ராலைச் சுமந்து வருகிற எல்.டி.எல்.லுக்கு செல்லில் ஒரு கதவு இருக்கிறது. உள்ளே போதுமான சரக்கு சேர்ந்துவிட்டால் செல் கதவுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். 'போதும், நாளைக்கு வாங்க!' 1985-ல் அவர்களுக்கும் நோபல். ஆனால் சாப்பாட்டு ராமனிடம் இன்னொரு கொல்லைக்கதவும் இருப்பதை அவர்களே 1979-ல் காட்டினார்கள். கெட்டுப்போன, உருமாறிய எல்.டி.எல். அந்த வழியாக வரும். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. கல்யாணப் பந்தியில் 'போதும்' என்று இலையை மறைக்கத் தெரியாத ஆசாமி என்ன ஆவாரோ, அதே கதிதான். உள்ளே கொழுப்புத் துளிகள் நிரம்பி, மைக்ராஸ்கோப்பில் சோப்பு நுரை மாதிரித் தெரிவான். 'நுரை செல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரத்தக்குழாய் அடைப்பு ஆரம்பமாவது இந்த நுரையில்தான்.

* * *

சரி, வெளியே அனுப்புகிற கதவு பழுதானால்? அதைக் காட்டியது ஐந்து வயதுப் பையன் ஒருவனின் தொண்டை.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில், செஸபீக் விரிகுடாவில் டான்ஜியர் என்று ஒரு பொட்டுத் தீவு. நண்டு பிடித்துப் பிழைக்கிற சில நூறு ஜனங்கள். வெளியிலிருந்து பெண் எடுப்பதும் கொடுப்பதும் குறைவு, எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். அங்கேயிருந்து வந்த அந்தப் பையனுக்கு டான்சில் ஆபரேஷன் ஆயிற்று. டான்சில் ரோஸ் கலரில் இருக்க வேண்டும். இவனுக்கோ பெரிதாக வீங்கி, ஆரஞ்சு கலரில் இருந்தது! டொனால்ட் ஃப்ரெட்ரிக்ஸன் என்கிற டாக்டர் குழுவினர் விசாரித்ததில், பையனின் அக்காவுக்கும் அப்படியே. இரண்டு பேர் ரத்தத்திலும் ஹெச்.டி.எல். ஏறக்குறைய பூஜ்யம்! 1961-ல் இந்த வியாதிக்கு டான்ஜியர் என்றே பெயர் வந்தது.

டான்சில் என்பது சாப்பாட்டு ராமன்கள் கும்பலாக டியூட்டி பார்க்கிற செக்போஸ்ட். அந்தப் பையனின் ராமன்கள் எல்லோரும் கொலஸ்ட்ராலை வயிறு முட்ட வைத்துக்கொண்டு வெளியே அனுப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆரஞ்சு நிறம் அந்த ஸ்டாக்கின் நிறம். ஏன் அனுப்ப முடியவில்லை என்பதற்கு விடை கிடைக்க 1999 வரை ஆயிற்று. மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே ஒரே ஜீனில் போய் நின்றன. ஏ.பி.சி.ஏ.1 என்று பெயர். செல்லின் சவ்வில் நின்றுகொண்டு கொலஸ்ட்ராலை உள்ளேயிருந்து தூக்கி, வெளியே காத்திருக்கும் காலி வண்டியில் ஏற்றுகிற லோடுமேன் அது. லோடு ஏறிய வண்டிதான் ஹெச்.டி.எல். லோடுமேன் வராவிட்டால் வண்டியே உருவாகாது. அதனால்தான் பூஜ்யம்.

இதுவரைக்கும் குடோன் கதை. இனிமேல்தான் போலீஸ் கதை.

விஞ்ஞானிகள் எலிகளின் சாப்பாட்டு ராமன்களிலிருந்து இந்த லோடுமேனையும் அவன் தம்பியையும் (ஏ.பி.சி.ஜி.1) எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் கூடியது. கிருமியைக் கண்டுபிடிக்கிற ஆன்டெனாக்கள் அந்தச் சவ்வில்தான் செருகியிருக்கின்றன. சவ்வு கொழுத்தால் ஆன்டெனாக்கள் ஒன்றோடொன்று நெருங்கி, ஓவர் சென்சிடிவ் ஆகிவிடுகின்றன. சாதாரண ராமன் அலட்டிக்கொள்ளாத சின்னத் தூண்டலுக்குக்கூட இந்த ராமன் விசில் ஊதி, லத்தியைத் தூக்கி, ஊரையே கூப்பிட்டுவிடுகிறான். உள்ளே சரக்கு இன்னும் மிஞ்சினால் கொலஸ்ட்ரால் ஊசி ஊசியாகப் படிகமாகிறது. அந்த ஊசிகள் செல்லுக்குள் ஓர் அபாய மணியை அடித்துவிடுவதை 2010-ல் நிரூபித்தார்கள். மணி அடித்தால் 'இன்டர்லூக்கின்-1 பீட்டா' என்கிற ரசாயனம் வெளியே பீய்ச்சும். அடிபட்ட இடம் சிவந்து, வீங்கி, சுடுமே... அழற்சி, அதைக் கிளப்புகிற ரசாயனங்களில் இது முக்கியமானது. கால் விரலில் அடிபட்டால் நமக்குத் தெரியும். இது வெளியே தெரியாது. வருஷக்கணக்கில் நீறு பூத்த நெருப்பு.

* * *

இதற்கும் தொப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன்.

தொப்பை என்பது சும்மா கிடக்கிற கொழுப்பு மூட்டை என்றுதான் டாக்டர்களே ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1993-ல் ஹார்வர்டில் ஹோட்டமிஸ்லிகில் என்பவரும் கூட்டாளிகளும், குண்டு எலியின் கொழுப்பிலிருந்து டி.என்.எஃப். என்கிற அழற்சி ரசாயனம் கிளம்புவதையும், அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் கண்டார்கள். யார் அதை இவ்வளவு தயாரிக்கிறார்கள்? பத்து வருஷம் கழித்து, 2003-ல் இரண்டு குழுக்கள் கொழுப்பை வெட்டி எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தன. பார்த்தால்... நம்ம சாப்பாட்டு ராமன்! ஒல்லியானவர்களின் கொழுப்பில் நூறு செல்லுக்குப் பத்துக்கும் குறைவு. ரொம்பக் குண்டானவர்களிடம் கிட்டத்தட்ட நாற்பது! கொழுப்பு மூட்டை என்று நினைத்ததில் பாதி போலீஸ் காம்ப்.

ஏன் இவ்வளவு கூட்டம்? கொழுப்பு செல் ஒரு பலூன். ஊதிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் செத்துப்போகும். 2005-ல் இத்தாலிக்காரர்கள் பார்த்தபோது, குண்டு எலிகளின் கொழுப்பில் இருக்கும் ராமன்களில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் செத்த கொழுப்பு செல்களைச் சுற்றி வட்டம் கட்டி நின்றார்கள். பார்ப்பதற்குக் கிரீடம் மாதிரி இருந்ததால் 'கிரீட அமைப்பு' என்று பெயர். வீட்டில் எழவு விழுந்தால் வந்து உட்காருகிற கூட்டம் என்றுதான் எனக்குத் தோன்றியது. செத்த செல்லின் மிச்சத்தில் கொழுப்போடு கொலஸ்ட்ராலும் உண்டு. விழுங்கத்தான் வேண்டும், அது அவர்கள் டியூட்டி. கொழுப்பை ஒருமாதிரி சமாளிக்கலாம். கொலஸ்ட்ராலை வெளியே அனுப்பியாக வேண்டும். லோடுமேனால் முடிகிற வரைக்கும் அமைதி. முடியாதபோது விசில், லத்தி, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின். அந்தச் சத்தத்தில் இன்சுலின் சொல்வது யார் காதிலும் விழாது. சர்க்கரை வெளியே ரத்தத்திலேயே நின்றுவிடும். நண்பரின் 108-க்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

"அதெல்லாம் குண்டர்களுக்கு சார்! நான்தான் ஒல்லியாச்சே?"

இதற்கும் பதில் இருக்கிறது. 2004-ல் லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் ஒரு போட்டோ. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு எடை கணக்கு, அதுதான் பி.எம்.ஐ., இரண்டு பேருக்கும் 22.3. எந்த டாக்டரும் 'நார்மல்' என்று சொல்லி அனுப்பிவிடுகிற எண். உடம்புக்குள் இருக்கிற கொழுப்பை அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம். நம்மவருக்கு 21.2! ஒரே பி.எம்.ஐ., இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. எடை மெஷின் நம்ம ஊர்க்காரர்களிடம் உண்மையைச் சொல்வதில்லை. நமக்குத் தசை கம்மி, கொழுப்பு ஜாஸ்தி, அதுவும் குடலைச் சுற்றி வயிற்றுக்குள் சேருகிற ரகம். அதனால்தான் நம் டாக்டர்கள் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-லிருந்தே கோட்டைப் போட்டுவிட்டார்கள். இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

* * *

'அப்படியானால் ஹெச்.டி.எல். வண்டியை மாத்திரையால் கூட்டிவிட்டால் போச்சு!' என்று எனக்குத் தோன்றியது. அதையும் பார்த்துவிட்டார்கள். டார்செட்ராபிப் என்று ஒரு மருந்து. 15,000 பேருக்கு மேல் சேர்த்துச் சோதனை. ஹெச்.டி.எல். 70 சதவீதத்துக்கு மேல் எகிறியது. செத்தவர்கள் எண்ணிக்கையும் எகிறியது! 2006 டிசம்பரில் அவசரமாக நிறுத்தினார்கள். மருந்து ரத்தக்கொதிப்பையும் ஏற்றியது ஒரு காரணம். ஆனால் ரோட்டில் நிற்கிற வண்டியின் எண்ணிக்கையும் குடோனிலிருந்து ஏறுகிற லோடும் ஒன்றல்ல என்பதும் அப்போதிலிருந்துதான் பலருக்கு உறைத்தது. இதைக் காமர்ஸ்காரனிடம் கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பான். கேட்பதில்லை.

இன்வர்டைக் குறைக்கிற ஸ்டாடின் மாத்திரை நன்றாகவே வேலை செய்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிடாதீர்கள். சரி, கொலஸ்ட்ராலைத் தொடாமல் ராமனின் கோபத்தை மட்டும் தணித்தால்? 2017-ல் அதற்கும் ரிசல்ட் வந்தது. ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்த பத்தாயிரம் பேருக்கு இன்டர்லூக்கின்-1 பீட்டாவைக் கட்டிப்போடுகிற ஊசி. கொலஸ்ட்ரால் இறங்கவில்லை. ஆனாலும், நடுத்தர டோஸில் மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி ஆபத்துகள் 15 சதவீதம் குறைந்தன. நெருப்பே ஒரு குற்றவாளிதான் என்பது நிச்சயமாயிற்று. ஆனால் போலீஸைக் கட்டிப்போட்டால் திருடன் வருவானே... கிருமித் தொற்றில் இறந்தவர்கள் கூடினார்கள். மொத்தச் சாவுக் கணக்கில் லாபம் இல்லை.

அப்புறம்தான் நம்ம ஊர் அயிட்டம் ஒன்று உள்ளே வருகிறது. செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் இதைக் கண்வலிக்கிழங்கு என்று பயிர் செய்து, விதையை மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். அதிலிருந்து எடுப்பது கால்ச்சிசின், காலம் காலமாக 'கெளட்' என்கிற மூட்டுவாத வலிக்குக் கொடுக்கிற மருந்து. கெளட்டில் மூட்டுக்குள் குத்துவது யூரிக் அமிலப் படிகம். குத்துவதும் அபாய மணி அடிப்பதும் கொலஸ்ட்ரால் ஊசியைப் போலத்தான். அப்படியானால் இதயத்துக்கும் கொடுத்துப் பார்க்கலாமே? 2020-ல் 5,522 இதய நோயாளிகளுக்கு தினம் அரை மில்லிகிராம் கொடுத்ததில் ஆபத்துகள் 31 சதவீதம் குறைந்தன. 2023-ல் அமெரிக்க அரசு இதயத்துக்கே அனுமதி கொடுத்தது. 2024-ல், ஹார்ட் அட்டாக் வந்த கையோடு ஏழாயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்த்த இன்னொரு சோதனையில் பிரயோஜனமே இல்லை என்று வந்தது. சண்டை நடந்துகொண்டிருக்கிறது. எச்சரிக்கை: கிழங்கைத் தோண்டி யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது. கண்வலிக்கிழங்கு உயிரைக் குடிக்கிற விஷம், கிராமத்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். டவுன்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

* * *

நேற்று ராத்திரி நண்பர் வந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டாராம். தினம் முக்கால் மணி நேரம் வேக நடை, சாதத்தில் பாதி, மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட், அப்பா கதையைக் கேட்டதால் ஒரு மாத்திரை பற்றி அப்போது முடிவு. எடை குறையாவிட்டாலும் பரவாயில்லை, நடந்தால் வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்பு முதலில் கரையும் என்று டாக்டர் சொன்னாராம். நான் படித்ததும் அதேதான்.

தையல் டேப்பை எடுத்தேன். "என் பேன்ட் சைஸ் 32 சார்" என்றார். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிற தேசத்தில் பேன்ட் சைஸ் பேசக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டுவிட்டு அளக்க வேண்டும். (உள்ளே இழுத்துக்கொண்டு அல்ல. நண்பர் முயன்றார்.) 93. எனக்கு 98. என் மனைவி டேப்பைச் சுருட்டி வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

நண்பர் பர்ஸிலிருந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோவை எடுத்தார். ஏதோ ஆபீஸ் குரூப் போட்டோவிலிருந்து வெட்டியது. அப்பா சைடு போஸில் நிற்கிறார். குச்சிக் கை, ஒட்டின கன்னம், வெள்ளைச் சட்டை இன் பண்ணி, அகல பெல்ட்.

ட்யூப்லைட்டுக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இருக்கு சார்" என்றார். "அப்பாவுக்கும் இருந்திருக்கு. இத்தனை வருஷமா நான் முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

போட்டோவை பர்ஸில் வைத்துக்கொண்டார். "காலைல அஞ்சரைக்குப் பெல் அடிக்கிறேன். நீங்களும் வந்துடுங்க, 98!"